வரிசைக்குள் நியாயம், வரிசைகளுக்கு இடையே?

2007 அக்டோபர் 9 அன்று வெளியான லினக்ஸ் 2.6.23 கர்னலில் இங்கோ மோல்னார் எழுதிய புதிய ஷெட்யூலர் இடம்பெற்றது. ‘முழுக்க நியாயமான ஷெட்யூலர்’ என்று அதற்குப் பெயர். துறையில் எல்லோரும் சி.எஃப்.எஸ். என்றே சொல்வார்கள். 2023 அக்டோபர் இறுதியில் 6.6 கர்னல் வரும்வரை, சாதாரண த்ரெட்களில் எது எந்தக் கோரில் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை அதுதான் முடிவுசெய்தது. ஆண்ட்ராய்டு போன்களிலும் அதுதான், இணையத்தைத் தாங்கும் சர்வர்களிலும் அதுதான். 2017 நவம்பர் பட்டியலில் உலகின் முதல் 500 சூப்பர்கம்ப்யூட்டர்கள் அத்தனையும் லினக்ஸ் குடும்பத்தில் சேர்ந்துவிட்டன. மனிதர்கள் எழுதிய மென்பொருள்களில் இவ்வளவு பேருடைய நேரத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பங்கிட்டவை மிகச் சில.

பதினாறு ஆண்டுகள் ஆட்சி செய்த ஒன்றைப் பாராட்டுவது எளிது. அதன் பெயர் சொல்லும் வாக்கை அது காப்பாற்றியதா என்று கேட்பதுதான் திறனாய்வு. ஷெட்யூலர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டு: இப்போது யார் ஓடுவது, எங்கே ஓடுவது. ஒற்றைக் கோர் கணினியில் இரண்டாவது கேள்வி எழாது. சி.எஃப்.எஸ். பிறந்தபோதே நான்கு கோர் சிப்கள் மேசைக்கணினிக்கு வந்துவிட்டன; சர்வர்களில் அதைவிட அதிகம். ஆகவே இரண்டு கேள்விகளையும் வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். முதல் கேள்விக்கு அது தந்த பதில் அழகானது, நிலைத்தும் நின்றது. இரண்டாவது கேள்வியைப் பல ஆண்டுகள் முதல் கேள்வியின் துணைவேலையாகவே நடத்தியது. இணைக் கணிப்பில் அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் வாதம்.

முதலில் அழகைப் பார்ப்போம். சி.எஃப்.எஸ்ஸுக்கு முன்பு இருந்தது ‘ஓ(1)’ ஷெட்யூலர். அதையும் மோல்னார்தான் 2002-இல் கொண்டுவந்தார். 140 முன்னுரிமைப் படிகள், படிக்கொரு வரிசை, எந்தப் படியில் ஆள் நிற்கிறது என்று காட்டும் பிட்மேப். ஆயிரம் த்ரெட் காத்திருந்தாலும் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் மாறாது. வேகத்தில் குறையில்லை, குறை ஊகத்தில் இருந்தது. அதிகம் தூங்கும் த்ரெட் பயனரோடு பேசும் எடிட்டராக இருக்கும், தூங்காமல் உழைப்பது கம்பைலராக இருக்கும் என்று அது அனுமானித்தது. தூக்க நேரத்தைக் கணக்கிட்டுச் சலுகை கொடுத்தது. பாட்டு கேட்டுக்கொண்டே கர்னலைக் கம்பைல் செய்தவர்களுக்கு அந்த அனுமானம் எப்போது பொய்க்கும் என்று தெரியும். ஒரு நிலைமைக்காக விதியைத் திருத்தினால் இன்னொரு நிலைமை கெட்டது. தூங்குவதுபோல் நடித்து கோரை விழுங்கும் நிரல்களைக்கூட எழுத முடிந்தது.

சி.எஃப்.எஸ். ஊகத்தைத் தூக்கி எறிந்தது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு எண் வைத்தது: அது இதுவரை ஓடிய நேரம், அதன் எடைக்கு ஏற்பச் சுருக்கியோ நீட்டியோ எழுதப்பட்ட கணக்கு. மெய்நிகர் நேரம் என்று சொல்லலாம். காத்திருக்கும் த்ரெட்கள் இந்த எண்ணின் வரிசையில் ஒரு சிவப்பு-கறுப்பு மரத்தில் நிற்கும். மரத்தின் இடக்கோடியில் இருப்பது இதுவரை குறைவாகப் பெற்றது. அடுத்து ஓட வேண்டியது அதுதான். கொள்கை இவ்வளவே. தூங்கி எழுந்த எடிட்டருக்கு எண் குறைவாக இருக்கும், அதனால் உடனே ஓடும். யாரும் அதை எடிட்டர் என்று அடையாளம் காண வேண்டியதில்லை.

எடையின் கணக்கும் தெளிவானது. த்ரெட்டின் முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பு 0 என்றால் எடை 1024. நைஸ் 1 என்றால் 820. இவை இரண்டும் ஒரே கோரில் இடைவிடாமல் உழைத்தால் முதல் த்ரெட்டுக்கு 1844-இல் 1024 பங்கு, அதாவது 55.5 சதவீதம், மற்றதற்கு 44.5. ஒரு படி இறங்கினால் ஏறத்தாழ 1.25 மடங்கு எடை குறையும் என்பதால் எந்த இரண்டு அடுத்தடுத்த படிகளை எடுத்தாலும் இடைவெளி இதே அளவுதான். ஓ(1) ஷெட்யூலரில் நைஸ் மதிப்பு ஒரு படி மாறினால் என்ன ஆகும் என்பது எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். இங்கே அதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லலாம். முன்கூட்டிச் சொல்ல முடிகிற கர்னல் பகுதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது சர்வர்களைக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கான் கோலிவாஸின் பெயரைச் சொல்லாமல் போவது முறையல்ல. ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவராக இருந்தவர். கர்னல் அவருக்குத் தொழில் அல்ல, ஈடுபாடு. ஊகம் இல்லாத நியாயப் பங்கீடு லினக்ஸில் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தன் ஷெட்யூலர்களால் காட்டியவர் அவர். 2007 மார்ச்சில் அவர் முன்வைத்த ஷெட்யூலருக்குச் சில வாரங்கள் கழித்து, ஏப்ரலில், சி.எஃப்.எஸ். அறிவிக்கப்பட்டது. அறிவிப்பிலேயே மோல்னார் அவருக்கு நன்றி சொன்னார். கர்னலில் சேர்ந்தது மோல்னாரின் நிரல். கோலிவாஸ் அந்த ஆண்டே கர்னல் வேலையை விட்டு விலகினார்; 2009-இல் பி.எஃப்.எஸ். என்ற ஷெட்யூலரோடு திரும்பினார். அதில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே ஒரு பொது வரிசை. கர்னலின் போக்குக்கு நேர் எதிரான அந்தத் தேர்வுதான் நம் இரண்டாவது கேள்விக்கு இட்டுச் செல்கிறது.

சி.எஃப்.எஸ்ஸில் கோருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு மரம். இதற்குக் காரணம் வலுவானது. ஒரே வரிசை என்றால் 64 கோர்களும் ஒரே லாக்குக்காக முட்டிக்கொள்ளும். த்ரெட் கோர் மாறும்போது, அதுவரை கேஷில் சேர்த்து வைத்த தரவெல்லாம் வீண். நினைவகம் பல நோடுகளாகப் பிரிந்திருக்கும் பெரிய சர்வரில் அந்த இழப்பு இன்னும் அதிகம். சிறிய கணினிகளில் நன்றாக ஓடிய பி.எஃப்.எஸ். கோர்கள் பெருகிய இடத்தில் தாங்காது என்பதைக் கோலிவாஸே ஒப்புக்கொண்டிருந்தார். பின்னாளில் அவரே பல வரிசைகளுக்கு மாறினார். எனவே கோருக்கு ஒரு வரிசை என்ற தேர்வை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. அதைப் பெயர் மறைத்துவிட்டது. இரண்டு கோர், சம எடையுள்ள மூன்று த்ரெட் என்று வைத்துக்கொள்வோம். நியாயம் என்றால் ஆளுக்கு ஒரு கோரில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு வரிசையில் இரண்டு, மற்றதில் ஒன்று என்று நின்றால், முதல் மரத்தின் கணக்கில் அரைக்கு அரை: மாசற்ற நியாயம். இரண்டாவது மரத்திலும் மாசற்ற நியாயம், அங்கே ஒருவர்தானே. கணினி முழுவதையும் பார்த்தால் ஒருவருக்கு மற்றவரைப்போல் இருமடங்கு. மெய்நிகர் நேரம் என்ற அந்த எண்ணே உள்ளூர் நாணயம். ஒரு த்ரெட் வேறு கோருக்குப் போகும்போது பழைய வரிசையின் அடிப்படை எண்ணைக் கழித்துவிட்டு, புதிய வரிசையின் அடிப்படை எண்ணைக் கூட்டிக்கொள்கிறது. பழைய வரிசையில் மற்ற எல்லோரும் எவ்வளவு பின்தங்கினார்கள் என்ற நினைவு அந்தக் கழித்தலில் போய்விடுகிறது. ஆக, ‘முழுக்க நியாயமான’ என்ற அடைமொழி ஒரு வரிசைக்குள் மட்டுமே உண்மை. வரிசைகளுக்கு இடையே நியாயத்தைக் காப்பது சுமைச் சமன்பாடு என்ற வேறொரு இயந்திரத்தின் பொறுப்பு. அந்த இயந்திரத்துக்கு மரத்தின் எளிமையும் இல்லை, எடைக் கணக்கின் தெளிவும் இல்லை.

இங்கே நியாயத்தைவிட அடிப்படையான ஒரு பண்பைக் கொண்டுவர வேண்டும். பெல் ஆய்வகத்தில் இருந்த ரொனால்ட் கிரஹாம் 1966-இல் ஒரு சிறிய, பிரமாதமான முடிவை நிறுவினார். ஓடத் தயாரான வேலை ஒன்று இருக்கும்போது எந்தச் செயலியையும் சும்மா வைக்காதே. இந்த ஒரு விதியை மட்டும் காப்பாற்று. வேலைகளை எந்த வரிசையில் எடுத்தாலும் சரி. மொத்தம் முடிய ஆகும் நேரம், சாத்தியமான மிகச்சிறந்த திட்டத்தின் நேரத்தைவிட இருமடங்கைத் தொடாது. துல்லியமாகச் சொன்னால், செயலிகள் எண்ணிக்கை எம் என்றால், இரண்டிலிருந்து எம்மில் ஒரு பங்கைக் கழித்த மடங்கு. 64 செயலிகளுக்கு 1.984. அதே கட்டுரை ஒரு முரணையும் காட்டியது: செயலிகளைக் கூட்டினாலோ வேலைகளைச் சிறிதாக்கினாலோ மொத்த நேரம் அதிகரிக்கவும் கூடும். ஆனாலும் அந்த இருமடங்கு எல்லை உடையாது. கேஷ் இழப்பு, இடமாற்றச் செலவு எதுவும் அவருடைய மாதிரியில் இல்லை என்பதை மறக்கக்கூடாது. இருந்தும், இணைச் செயலிகளில் த்ரெட்களைப் பங்கிடுபவர் கையில் இருக்கும் மிக மலிவான காப்பீடு இதுதான். புத்திசாலித்தனம் எதுவும் வேண்டாம். காலியாக இருக்கும் கோரையும் காத்திருக்கும் த்ரெட்டையும் ஒரே நேரத்தில் இருக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சி.எஃப்.எஸ். அந்தக் காப்பீட்டைத்தான் கைவிட்டது. தெரிந்து கைவிடவில்லை. 2016-இல் யூரோசிஸ் மாநாட்டில், வீணான கோர்களின் பத்தாண்டு என்ற பொருள்படும் தலைப்பில், ஜான்-பியர் லோசி, பாப்டிஸ்ட் லெபெர்ஸ், அலெக்ஸாண்ட்ரா ஃபெடரோவா உள்ளிட்ட குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டு நோடுகள், நோடுக்கு எட்டுக் கோர் என 64 கோர் கொண்ட ஏஎம்டி சர்வரில், த்ரெட்கள் காத்திருக்கும்போதே கோர்கள் நீண்ட நேரம் சும்மா இருப்பதை அவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். நான்கு பிழைகள் சிக்கின. ஷெட்யூலர் காலப்போக்கில் மூப்படையாமல் நிற்பதே ஷெட்யூலிங் எளிது என்பதற்குச் சான்று என்ற பொருளில் 2001-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியிருந்ததைக் கட்டுரையின் முகப்பிலேயே வைத்திருந்தார்கள்.

நான்கில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் அது நியாயமே நியாயத்தைக் கெடுத்த கதை. 2011-இல், 2.6.38 கர்னலில், தானியங்கிக் குழு என்ற வசதி வந்தது. ஒரு டெர்மினலில் 64 த்ரெட்டோடு கம்பைல் ஓடினால், இன்னொரு டெர்மினலில் ஒற்றை த்ரெட்டோடு ஓடும் நிரல் நசுங்கக்கூடாது. டெர்மினலுக்கு ஒரு பங்கு, அதைத் த்ரெட்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும். நல்ல எண்ணம், மேசைக்கணினிக்காரர்கள் கொண்டாடினார்கள். இதை எண்ணாக்கினால்: ஒற்றை த்ரெட்டாக ஓடும் புள்ளியியல் நிரலின் சுமை 1024. கம்பைலின் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 1024-ஐ 64-ஆல் வகுத்து 16. புள்ளியியல் நிரல் ஒரு நோடின் ஒரு கோரில் ஓடுகிறது. அந்த நோடின் மற்ற ஏழு கோர்களும் காலி என்று கொள்வோம். எட்டுக் கோர்களின் சராசரிச் சுமை 128. கம்பைலின் 64 த்ரெட்களும் மற்ற ஏழு நோடுகளில் நெருக்கி நிற்கின்றன, நோடுக்கு ஒன்பது என்று வைத்தால் சராசரி 18. இப்போது ஒரு காலிக் கோர் வேலை தேடுகிறது. தன் நோடின் சராசரி 128, பக்கத்து நோடின் சராசரி 18. நம் நோடுதான் ஏழு மடங்கு பாரம் சுமக்கிறது, அங்கிருந்து எதையும் இழுக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்துச் சும்மா இருக்கிறது. அந்தப் பக்கத்து நோடில் எட்டுக் கோருக்கு ஒன்பது த்ரெட்; ஒன்று காத்து நிற்கிறது.

ஆய்வாளர்கள் சொன்ன திருத்தம் எளிது: சராசரியை ஒப்பிடாதே, நோடுக்குள் இருக்கும் மிகக் குறைந்த சுமையை ஒப்பிடு. மேலே சொன்ன கணக்கில் ஒரு பக்கம் 0, மறுபக்கம் 16. காலிக் கோர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கர்னல் கம்பைல் 13 சதவீதம் வேகமானது.

இன்னொரு பிழையில், ஒரு கோரை அணைத்துத் திரும்ப இயக்கினால் நோடுகளுக்கு இடையிலான சமன்பாடு அடியோடு நின்றுபோனது. நிரல் எந்த நோடில் பிறந்ததோ அங்கேயே அதன் எல்லா த்ரெட்களும் கிடக்கும். எட்டில் ஒரு பங்கு கோர்கள் என்றால் எட்டு மடங்கு தாமதம்தானே ஆகவேண்டும்? நாசாவின் அளவுகோல் தொகுப்பில் உள்ள எல்.யு. என்ற நிரல் 138 மடங்கு மெதுவாக ஓடியது. அந்த நிரலில் த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். காத்திருக்கும்போது தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். யாருக்காகக் காத்திருக்கிறதோ அந்த த்ரெட் அதே கோரின் வரிசையில் பின்னால் நிற்கும். சி.எஃப்.எஸ். சுற்றுபவருக்கும் உழைப்பவருக்கும் துல்லியமான சமபங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசைக்குள் எந்த விதியும் மீறப்படவில்லை. இதைப் படித்த பிறகு, நியாயம் ஒன்றையே இணை ஷெட்யூலரின் முதல் அளவுகோலாக வைக்க என்னால் முடியவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு; சில கனமானவை. அந்த ஏஎம்டி சர்வர் சிக்கலான அமைப்புடையது, எல்லா வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பதல்ல என்பார்கள். உண்மை, ஆனால் இன்றைய சர்வர் சிப்கள் பல துண்டுகளை ஒட்டிச் செய்யப்படுகின்றன, அந்தச் சிக்கல் இப்போது பொதுவானது. வேறு ஷெட்யூலர்கள் இதைவிடச் சிறப்பா என்ற கேள்விக்கு 2018-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் ஒரு பதில் கிடைத்தது: ஃப்ரீபிஎஸ்டியின் யூஎல்ஈ ஷெட்யூலரை லினக்ஸுக்குள் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நிரல்களில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஒரே கோரில் 512 த்ரெட்களைக் கட்டிவைத்துப் பிறகு 32 கோர்களுக்கு அவிழ்த்துவிட்டபோது, சி.எஃப்.எஸ். பெரும்பகுதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பரப்பியது, ஆனால் கோருக்குப் பதினாறு என்ற சரியான நிலையை எட்டவே இல்லை. யூஎல்ஈ நிமிடக்கணக்கில் ஊர்ந்து சரியான நிலைக்கு வந்தது. இதில் நான் சி.எஃப்.எஸ். பக்கம். உண்மையான வேலைகளில் முதல் நொடியின் பரவல்தான் முக்கியம். சில த்ரெட் கூடக்குறைய இருப்பது அல்ல. சி.எஃப்.எஸ்ஸின் குற்றம் சமன் செய்வதில் உள்ள துல்லியக்குறைவு அல்ல என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. காலிக் கோரைப் பார்க்கத் தவறியதுதான் குற்றம்.

மிகக் கனமான எதிர்வாதம் மின்சாரத்தின் பக்கமிருந்து வருகிறது. காலிக் கோருக்கு உடனே வேலை அனுப்புவது எப்போதும் சரியா? தூங்கும் கோர் குளிர்ந்திருக்கும். அது வேகமெடுக்க நேரம் பிடிக்கும். ஜூலியா லாவாலும் சக ஆய்வாளர்களும் 2022-இல் முன்வைத்த நெஸ்ட் என்ற ஷெட்யூலர், த்ரெட்களை ஏற்கெனவே சூடாக இருக்கும் சில கோர்களிலேயே நெருக்கமாக வைத்துப் பல நிரல்களை வேகப்படுத்திக் காட்டியது. போன்களில் பெரிய கோரும் சிறிய கோரும் கலந்திருக்கின்றன; 2019-இல் 5.0 கர்னலில் சேர்ந்த ஆற்றல்சார் ஷெட்யூலிங், ஒரு பெரிய கோரைக் காலியாகவே விட்டுவிடுவது சரி என்று பல நேரங்களில் முடிவுசெய்கிறது, பேட்டரி அதனால்தான் மாலைவரை தாங்குகிறது. எல்லாக் கோரும் ஒன்றே என்ற கிரஹாமின் மாதிரி இங்கே பொருந்தாது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் நெஸ்டும் சரி, ஆற்றல்சார் ஷெட்யூலிங்கும் சரி, ஏன் இந்தக் கோரைக் காலியாக விடுகிறோம் என்று காரணத்தோடு விடுகின்றன. சராசரிக் கணக்கில் ஏமாந்து விடப்பட்ட கோருக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. விலக்கு தேவை என்பதால் விதியே வேண்டாம் என்று ஆகிவிடாது.

நிரல்களின் பக்கத்தில் இதே கேள்விக்கு வேறொரு மரபு பதில் சொல்லியிருக்கிறது. எம்.ஐ.டி.யின் சில்க் திட்டத்தில் ப்ளூமோஃப், லைசர்சன் இருவரும் 1994-இல் வேலைத் திருட்டு முறையை நிறுவினார்கள். வேலையில்லாத செயலி, குருட்டாம்போக்கில் இன்னொரு செயலியைத் தேர்ந்தெடுத்து அதன் வரிசையிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும். எதிர்பார்க்கும் நேரம்: மொத்த வேலையைச் செயலிகளால் வகுத்தது, அதோடு தவிர்க்க முடியாத சார்புச் சங்கிலியின் நீளத்தின் ஒரு மாறிலி மடங்கு. முன்முயற்சி முழுவதும் சும்மா இருப்பவரிடம். வேலை மிகுந்தவர் தன் வேலையைப் பார்க்கலாம். கோ மொழியின் ரன்டைம் இன்றும் இதைத்தான் செய்கிறது, திருடும்போது பாதியைத் திருடுகிறது. சி.எஃப்.எஸ்ஸிலும் காலியாகப் போகும் கோர் வேலையை இழுத்துக்கொள்ள முயலும். ஆனால் தன் சராசரி ஓய்வு இடமாற்றச் செலவைவிடக் குறைவு என்று தோன்றினால் முயற்சியே செய்யாது. அந்தச் செலவுக்கு நீண்ட காலம் இருந்த இயல்பு மதிப்பு 500 மைக்ரோநொடி. ஒரு இணையக் கோரிக்கையைச் சில நூறு மைக்ரோநொடியில் முடிக்கும் சர்வருக்கு அந்த எண் மிகப் பெரியது. ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இதையும் சொல்லவேண்டும்: சில்க் ஒரே நிரலை விரைவில் முடிக்கப் பார்க்கிறது, கர்னலுக்கோ ஒருவரையொருவர் நம்பாத பலருக்கும் பங்கு கொடுக்கும் கடமை இருக்கிறது. ஆகவே கர்னலுக்கு நியாயம் வேண்டும். காலிக் கோர் விதியின் மேல் கட்டப்பட்ட நியாயமாக அது இருந்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

கன்டெய்னர்களில் கர்னல், ரன்டைம் என்ற இந்த இரண்டு உலகங்களும் மோதிக்கொள்கின்றன. 2012-இல் 3.2 கர்னலோடு வந்த ஒதுக்கீட்டு வரம்பு, 100 மில்லிநொடிக்கு இவ்வளவு என்று ஒரு குழுவுக்கு நேரம் தருகிறது. ஒரு கோர் அளவு வரம்பு உள்ள கன்டெய்னரில் பத்து த்ரெட் பத்துக் கோர்களில் ஒரே நேரத்தில் ஓடினால், 10 மில்லிநொடியில் ஒதுக்கீடு தீர்ந்து, மீதி 90 மில்லிநொடி எல்லோரும் உறைந்து நிற்பார்கள். பக்கத்தில் கோர்கள் காலியாக இருந்தாலும் அப்படித்தான். மேலே இருக்கும் ரன்டைமுக்கு வரம்பே தெரியாது. சர்வரின் எல்லாக் கோர்களும் தனக்கே என்று நினைத்து அத்தனை த்ரெட்களை எழுப்பும். கோ மொழி இந்த வரம்பைத் தானாகப் பார்த்து நடந்துகொள்ளத் தொடங்கியது 2025-இல், 1.25 பதிப்பில்தான். சராசரித் தாமதம் நன்றாகவும், நூறில் ஒரு கோரிக்கை மட்டும் காரணமில்லாமல் தொங்குவதாகவும் தெரிந்தால், முதலில் தேட வேண்டிய இடம் இதுவே.

சி.எஃப்.எஸ்ஸுக்கு ஒரு விஷயத்தில் கடன் தீர்க்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த 5.5 கர்னலில் வின்சென்ட் கிட்டோ சுமைச் சமன்பாட்டைத் திருத்தி எழுதினார். ஒரு குழுவில் இடம் மிச்சமிருக்கிறதா, நிரம்பி வழிகிறதா என்று முதலில் வகைப்படுத்துவது. இடம் மிச்சமிருந்தால் சுமை எண்ணை விட்டுவிட்டுக் காலிக் கோர்களையும் ஓடும் த்ரெட்களையும் எண்ணுவது. மேலே நாம் கைக்கணக்காகப் போட்ட பிழை இந்த ஒழுங்கில் பெரும்பாலும் எழாது. சும்மா இருப்பதை ஒரு சராசரிக்குள் கரைத்துவிடாமல் நேரடியாக எண்ண ஷெட்யூலருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே தீர்ப்பு. ‘யார்’ என்ற கேள்விக்குச் சி.எஃப்.எஸ். முதல் தரமான பதில். ஊகத்தை ஒழித்ததும் பங்கை எண்ணாக்கியதும் அதன் நிலையான கொடை. ‘எங்கே’ என்ற கேள்வியில் 2020வரை அது இரண்டாம் தரம். பிழைகள் இருந்தன என்பதால் அப்படிச் சொல்லவில்லை, பிழை இல்லாத கர்னல் கிடையாது. சரிபார்க்கத்தக்க விதி ஒன்று அந்தப் பாதிக்கு இல்லாமல் போனதால்தான், பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் பிழைகள் உயிர்வாழ முடிந்தது. மரம் தவறினால் அன்றே தெரிந்துவிடும், அதற்கு வரையறை இருக்கிறது. சமன்பாடு தவறினால் சர்வர் கொஞ்சம் மெதுவாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். இன்னும் இரண்டு சர்வர் வாங்கிப் போட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட விதியை நிறுவிக் காட்ட முடியாது என்றும் சொல்ல இடமில்லை: லெபெர்ஸ், லாவால் உள்ளிட்டோரின் இப்பானெமா என்ற பணி, காலிக் கோர் விதியைக் காப்பதாகக் கணிதமுறையில் நிறுவப்பட்ட ஷெட்யூலர்களை 2020-இலேயே லினக்ஸில் ஓட்டிக் காட்டியது.

6.6 கர்னலில் சி.எஃப்.எஸ்ஸின் இடத்துக்கு ஈஈவிடிஎஃப் வந்தது. அயான் ஸ்டோயிகா, ஹுசைன் அப்தெல்-வஹாப் இருவரும் 1990களின் நடுவில் வகுத்த முறை அது. பீட்டர் ஜில்ஸ்ட்ரா அதைக் கர்னலில் எழுதினார். தன் பங்கைவிட அதிகம் பெறாத த்ரெட் மட்டுமே தகுதியுடையது. தகுதியுடையவர்களில் யாருடைய கெடு முதலில் வருகிறதோ அவர் ஓடுவார். சிறிய துண்டு கேட்பவருக்குக் கெடு சீக்கிரம் வரும்: பங்கு அதே, ஆனால் அழைப்பு விரைவில். ஆடியோ நிரல்களுக்கும் விளையாட்டுகளுக்கும் சி.எஃப்.எஸ். தர முடியாத ஒன்றை இது தருகிறது, ஒட்டுவேலைகள் பலவற்றைக் களைந்தும்விட்டது. நல்ல மாற்றம். ஆனால் மாறியது மறுபடியும் ‘யார்’ என்ற பாதிதான். கோருக்கு ஒரு மரம், உள்ளூர் மெய்நிகர் நேரம், சுமைச் சமன்பாடு எல்லாம் அதே கோப்பில் முன்போலவே இருக்கின்றன.

‘எங்கே’ என்ற பாதிக்கு வந்திருக்கும் பதில் வேறு வடிவில் இருக்கிறது. 2024 நவம்பரில் 6.12 கர்னலில் சேர்ந்த நீட்டிப்பு வசதி, ஷெட்யூலரையே பி.பி.எஃப். நிரலாக எழுதி ஓடும் கர்னலில் ஏற்ற அனுமதிக்கிறது. அது தவறினால் கர்னல் இயல்பு ஷெட்யூலருக்குத் தானே திரும்பிவிடும். மெட்டாவும் கூகுளும் இதற்குப் பின்னால் நின்றன. ஷெட்யூலரின் பராமரிப்பாளரான ஜில்ஸ்ட்ரா எதிர்த்தார், டோர்வால்ட்ஸ் சேர்த்தார். கைவிளையாட்டுக் கருவிக்கு ஒன்று, வலைச் சேவைக்கு ஒன்று என்று ஷெட்யூலர்கள் முளைக்கின்றன. புதிய யோசனையைச் சோதிக்க ஒரு கர்னலை மறுபடி கம்பைல் செய்து சர்வர்களை மீண்டும் தொடங்க வேண்டிய நிலை போனது பெரிய விடுதலை. எனக்குள்ள கவலை இயல்பு ஷெட்யூலரைப் பற்றியது: தனக்கென்று ஷெட்யூலர் எழுதிக்கொள்ள ஆள்பலம் உள்ள நிறுவனங்கள் தங்கள் காலிக் கோர்களை மீட்டுக்கொள்ளும்; கிடைத்த கர்னலை அப்படியே ஓட்டும் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் சிறு நிறுவனத்துக்கும் இயல்பாக வருவதே கதி. அவர்களுக்காக வேண்டியது ஓர் எண்: கோர் காலியாக இருந்தபோதே அதில் ஓட அனுமதியுள்ள த்ரெட் வேறிடத்தில் காத்திருந்த நேரம், மில்லிநொடியில். 4.20 கர்னலிலிருந்து வரும் அழுத்தப் புள்ளிவிவரம் காத்திருப்பைச் சொல்கிறது, ஓய்வுக் கணக்கு ஓய்வைச் சொல்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தனவா என்பதை அவை சொல்வதில்லை. 2016 ஆய்வுக் குழு இதற்கு ஒரு சரிபார்ப்பியை எழுதியே காட்டியது: நொடிக்கு ஒருமுறை பார்ப்பது, விதி மீறப்பட்டிருந்தால் 100 மில்லிநொடி கவனித்து அது தானே சரியாகிறதா என்று பார்ப்பது, ஆகாவிட்டால் பதிவு செய்வது. அதைப் போன்ற ஒன்று ஒவ்வொரு கர்னலிலும் இயல்பாகவே ஓடவேண்டும், அதன் எண் ஒவ்வொரு வெளியீட்டின் சோதனையிலும் இடம்பெற வேண்டும்.